சாவி யார் கையில்?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற போதகர் ஒருவரின் பதில்கள்

போன மாதம் ஒரு பதிலின் நடுவே, "சபை நாட்டப் போகிறவனுக்குத் தரிசனம் வேண்டும்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதாவது, புது இடத்தில் ஒரு கிறிஸ்தவச் சபையைத் தொடங்கப் போகிறவனுக்கு, என்ன செய்யப்போகிறோம் என்ற தெளிந்த நோக்கு வேண்டும் என்று. அன்றிலிருந்து தபால்காரர் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். அத்தனை கடிதம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் ஏழு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பேர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் நாசரேத். வயது 29. பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை. ஒடிசாவுக்குப் போய்ச் சபை நாட்ட வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனதில் பாரம். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "உன் தரிசனம் என்ன, ஐந்து வருடத் திட்டம் என்ன" என்று கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தரிசனம் இல்லாமல் போகலாமா?
— வாசகர், பெங்களூரு

தம்பி, உனக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதே எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. சொல்லத் தெரிந்தவர்களின் பிளக்ஸ் போர்டுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இந்திய வரைபடம், அதன்மேல் நெருப்பு, நெருப்புக்குப் பக்கத்தில் கோட்டு போட்ட ஊழியர். அடியில் "தீர்க்கதரிசனமில்லாத இடத்தில் ஜனங்கள் சீர்கெட்டுப்போவார்கள்" என்ற நீதிமொழி. அதே வசனத்தின் பின்பாதி, "வேதத்தைக் காக்கிறவனோ பாக்கியவான்" என்பது. அதைப் போர்டில் எழுத ஏனோ எப்போதும் இடம் இருப்பதில்லை.

உன் வயதுக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். வெள்ளாளன்விளைக்காரர், ஒரு கிராமத்துக் குருவானவரின் மகன், வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902-ல் அவர் யாழ்ப்பாணம் போனபோது வயது 28. அப்போது ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளர். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கடல் தாண்டி இந்தியாவுக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலித் திருச்சபைக்கு அன்றைக்கே நூறு வயதுக்கு மேல். கோபுரம் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. வெளியே போன ஊழியர் என்று கைகாட்ட ஆள் இல்லை. மனிதருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருக்கு முதலில் வந்தது அந்த வெட்கம்தான், தம்பி. வரைபடம் எல்லாம் அப்புறம்.

ஊருக்குத் திரும்பி நண்பர்களோடு பேசி, ஜெபித்து, 1903 பிப்ரவரி 12-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். சரி, எங்கே போவது? அது அவர்களுக்கே தெரியாது! நைஜாம் சமஸ்தானத்தில், இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல் பக்கம் ஆள் இல்லை என்று காட்டிக் கொடுத்தவர் சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட். முதலில் வேறு ஆட்கள் போனார்கள். அசரியா காணிக்கை திரட்டினார், கடிதம் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். தானே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனது 1909-ல். 35 வயதில் தெலுங்கு படித்தார். 1912-ல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்தான். 1945 புத்தாண்டு அன்று அவர் இறந்தபோது அந்தப் பேராயத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் கிறிஸ்தவர்கள்.

பார்த்தாயா, தவணை தவணையாக வந்திருக்கிறது. வெட்கம், கமிட்டி, இடம், பாஷை, கடைசியில் ஆள். ஐந்து வருடத் திட்டம் கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லு.

அப்புறம், "ஒடிசா" என்று பொதுவாகச் சொல்லாதே. எந்த மாவட்டம்? அங்கே வீட்டுக்குள் பேசுவது ஒடியாவா, சம்பல்புரியா, குயியா? ஒரு மாதம் லீவு போட்டு மழைக்காலத்தில் போய் இரு. குளிர்காலத்தில் எந்த ஊரும் தரிசனம் தரும். 1967-லிருந்து அங்கே மதச் சுதந்திரச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதை ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டுக்கொள். வேலையை உடனே விடாதே. அம்மாவிடம் சொல்லிவிட்டாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கேள்வி: என் கொழுந்தனார் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஜெபக்கூட்டம் ஆரம்பித்தார். மூன்று வருஷத்தில் அறுபது பேர் வருகிறார்கள். நல்ல பேச்சு, நல்ல ஜெபம், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் காணிக்கைக் கணக்கை யாரும் பார்க்கக் கூடாது என்கிறார். கேட்டால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று வசனம் சொல்கிறார். குடும்பத்துக்குள் சண்டையாகிறது.
— வாசகி, சாத்தான்குளம்

அம்மா, தொட வேண்டாம். நோட்டை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

என் அப்பா தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்னச் சபையில் உபதேசியார், அதாவது குருப்பட்டம் இல்லாமல் சபையை நடத்துகிறவர். ஓலைக் கூரை, பனஞ்சட்டம். மணி என்று தொங்கியது ஒரு தண்டவாளத் துண்டு. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஓலைக்கொட்டானில் பிடி அரிசி கொண்டுவருவார்கள். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைத்த அரிசி அது. ஆராதனை முடிந்ததும் அரிசி, முட்டை, முருங்கைக்காய், எல்லாம் ஏலம். ஏலம் முடிந்த கையோடு அப்பா நோட்டைத் திறந்து உரக்கப் படிப்பார்: "முட்டை ரெண்டு, நாலணா. அரிசி மூணு படி, இன்னார் எடுத்தது." படித்து முடித்ததும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பனையேறித் தாத்தா எழுந்து வந்து நோட்டின் அடியில் கைநாட்டு வைப்பார். அவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஆனால் காதால் கேட்டிருக்கிறார் அல்லவா, ஒரு முட்டை குறைந்தால் விட மாட்டார். அப்பா ஒருநாளும் அவரிடம் அபிஷேகத்தைப் பற்றிப் பேசியதில்லை.

பவுல் எருசலேமுக்குத் தர்மப் பணம் கொண்டுபோனபோது தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடு வேறு சகோதரரையும் அந்த வேலையில் வைத்தார். யாரும் எங்களைக் குறை சொல்லாதபடிக்கு என்று காரணமும் எழுதியிருக்கிறார். கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம், எட்டாம் அதிகாரம். கொழுந்தனார் வசனப் பிரியர் என்பதால் இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். கணக்கைப் பார்க்கக் குடும்பத்துக்கு வெளியே மூன்று பேர். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. மாதம் ஒருமுறை சுவரில் ஒட்டுவது. இதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கூடம் உங்கள் வீட்டுடையது என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: மயிலாடியில் வேலை தொடங்கிய ஜெர்மன் மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் திடீரென்று போய்விட்டார், திரும்பவே இல்லை என்று பாட்டி சொல்வார். உண்மையா? ஆரம்பித்ததை அப்படியே விட்டுவிட்டுப் போனவரைத் தரிசனமுள்ள தலைவர் என்று எப்படிச் சொல்வது?
— வாசகர், மார்த்தாண்டம்

உங்கள் பாட்டி சொன்னது உண்மை. 1816-ல் உடம்பு முடியாமல் கப்பல் ஏறினார். எங்கே இறந்தார், எந்த மண்ணில் புதைத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆனால் கதையை நீங்கள் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். முதலில் வருகிறவர் மயிலாடிக்காரர் மகாராசன். ஒடுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்தவர், மனதுக்குள் ஏதோ தேட்டம் உள்ளவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். அங்கே அவருக்கு மனம் ஆறவில்லை. தஞ்சாவூரில் கோலாஃப் ஐயரின் பிரசங்கம் காதில் விழுந்தது, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊருக்கு வந்து சொந்தக்காரர்களிடம் பேசினார். சின்னதாக ஒரு கூட்டம் சேர்ந்தது. அப்புறம்தான், எங்களுக்கு ஒரு குருவானவரை அனுப்புங்கள் என்று கேட்டார். ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தபோது அங்கே அவருக்காகக் காத்திருந்தது ஒரு சபை. நட்டவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

ரிங்கல்தௌபே செய்தது வேறு. திருவிதாங்கூர் அரசிடம் கோயில் கட்ட அனுமதி வாங்குவது அன்றைக்குச் சாமானியமான காரியமில்லை. அங்கே ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்ட் மெக்காலே வழியாக அலைந்து திரிந்து வாங்கினார். 1809-ல் மயிலாடிக் கோயில் எழும்பியது. சுற்றுவட்டாரத்தில் ஏழு இடங்களில் சபையானது. நல்ல சட்டைகூட இல்லாமல் திரிந்தார். வந்த சம்பளமெல்லாம் ஊழியத்துக்கே போனது. புறப்படும் நேரத்தில் தன் அங்கியை எடுத்து வேதமாணிக்கத்துக்குப் போர்த்தி, ஏழு சபைகளையும் அவர் கையில் ஒப்படைத்தார் என்று மயிலாடியில் சொல்வார்கள். அடுத்த மிஷனெரி மீட் ஐயர் நாகர்கோவில் வந்து சேர்ந்தது 1818-ல்.

இடையில் இரண்டு வருஷம் வெள்ளைக்காரர் யாரும் இல்லை. அந்தக் காலத்துச் சாதிக் கொடுமையில், கோயில் வாசலுக்கும் ராஜபாட்டைக்கும் விலக்கப்பட்ட ஒரு மனிதர் ஏழு சபைகளை நடத்தினார். கலைந்துபோகவில்லை. பேராய வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வருஷத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் பழைய மனத்தாங்கல். எனக்கென்னவோ தென் திருவிதாங்கூர்ச் சபையின் வயதை அந்த இரண்டு வருஷத்திலிருந்துதான் எண்ண வேண்டும் என்று தோன்றும்.

கேள்வி: சபை நாட்டினவர்கள் என்றாலே ஆண்கள் பெயராக வருகிறதே. பெண்கள் இல்லையா?
— வாசகி, தூத்துக்குடி

பாளையங்கோட்டையில் "பாப்பாத்தி கோயில்" எங்கே என்று கேட்டுப் பாருங்கள், வழி சொல்வார்கள். கட்டினவர் குளோரிந்தா. தஞ்சாவூர் பிராமணக் குடும்பத்து விதவை, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அதனாலேயே மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்கத் தயங்கினார்; அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-ல்தான் கொடுத்தார். 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். முதல் பெயர் அவருடையது. 1785-ல் கோயிலைப் பிரதிஷ்டை செய்ய சுவார்ட்ஸ் வந்தார். சும்மா பிரதிஷ்டை செய்துவிட்டுப் போக விடவில்லை அந்த அம்மாள், உபதேசியார் வேண்டும் என்று விடாமல் கேட்டார். சத்தியநாதன் வந்தார். 1790-ல் அவர் குருப்பட்டமும் பெற்றார்.

ஊர் நாக்கு அந்த அம்மாளை என்னவெல்லாம் பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நாற்பது பேரில் தொடங்கியதுதான் இன்றைய திருநெல்வேலித் திருச்சபை.

கேள்வி: எங்கள் சபையில் எல்லாரும் ஒரே சாதி. பக்கத்து ஊரில் புதிதாகத் தொடங்கும் கூடுகையும் அப்படித்தான் போகிறது. "ஒரே இனத்தாராக இருந்தால் சபை வேகமாக வளரும்" என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். சரிதானா?
— வாசகர், விருதுநகர்

மெக்காவ்ரன் என்பவரின் கருத்து அது. நம் தேசத்தில் தாமோ என்ற ஊரில் 1897-ல் பிறந்து, மத்திய இந்தியாவில் பல காலம் வேலை செய்தவர். தன் சனத்தை விட்டு விலகாமல் வர முடிந்தால் மனிதர் எளிதாக வருவார்கள் என்று கண்டார். கண்டது பொய்யில்லை; நம் பனங்காட்டு ஊர்கள் அப்படிக் குடும்பம் குடும்பமாக, தெருத் தெருவாக வந்தவைதான்.

வருவதற்கு அது வழி. வந்த பிறகு? தோர்ணக்கலில் மாலா, மாதிகா என்று இரண்டு சமுதாயத்தார் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காதவர்கள். அசரியாவின் பாதி ஆயுள் அவர்களை ஒரே திருவிருந்துப் பந்திக்குக் கொண்டுவருவதில் போனது.

நீங்கள் அடுத்த அசனப் பண்டிகையில், சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அந்த விருந்தில், ஒரு வேலை செய்யுங்கள். சாம்பார் வாளியை யார் தூக்குகிறார்கள், முதல் பந்தியில் யார் உட்காருகிறார்கள், இலை எடுப்பது யார் என்று மட்டும் கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எண்ணிக்கையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

கேள்வி: கோயில் கட்டினால்தான் சபை நிலைக்கும் என்று எங்கள் போதகர் சொல்கிறார். நாற்பது குடும்பம்தான். தலைக்கு ஐம்பதாயிரம் கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

இடையன்குடி ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டது 1847-ல். பிரதிஷ்டை 1880-ல். முப்பத்துமூன்று வருஷம்! கால்டுவெல் ஐயருக்குத் தெரிந்த சீமான்கள் இல்லையா என்ன? இருந்தும் பணம் வரவர, கல் ஏறஏறத்தான் கட்டினார். கூர்வளைவு ஜன்னலை நம் கொத்தனார்கள் பார்த்ததே இல்லை என்பதால், ஈரக் களிமண்ணைத் தானே பிசைந்து அச்சு செய்து "இப்படி வேண்டும்" என்று காட்டினார். அந்தக் களிமண் கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதற்குள் ஊரில் நேரான தெரு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, அவர் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்துக் கையில் காசு வரவைத்தார்.

உங்கள் போதகருக்கு என்ன அவசரம்? அவருக்கு மாற்றல் வருவதற்குள் கல்வெட்டில் பெயர் வர வேண்டுமோ? நான் இப்படி எழுதியதற்கு அவர் வருத்தப்பட்டால் படட்டும். நகையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாருக்கும் புத்தி சொல்கிறீர்களே ஐயா, நீங்கள் எத்தனை சபை நாட்டினீர்கள்?
— வாசகர், திசையன்விளை

கேட்டுவிட்டீர்கள். திசையன்விளைக்காரர்கள் கேட்காமல் விட மாட்டீர்கள் என்று தெரியும்.

ஒன்று. அதுவும் நான் நாட்டினேன் என்று எட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு முப்பது வயதுகூட இருக்காது, குருப்பட்டம் வாங்கிய ஜோர். என் பொறுப்பில் இருந்த சபைகளின் வட்டாரமான சேகரத்தின் ஓரத்தில் கோயிலே இல்லாத ஒரு குடியிருப்பு. சைக்கிளில் போய் இரவு லாந்தர் வைத்துப் பாட்டுப் படித்து, பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, இரண்டு வருஷத்தில் பதினெட்டுக் குடும்பம். ஓடு போட்ட ஒரு ஜெபவீடும் கட்டியாயிற்று. பிரசங்கம் நான், பாட்டு நான், ஓய்வுநாள் பள்ளி நான், கணக்கு நான், மணி அடிப்பதும் நான். யாராவது உதவிக்கு வந்தால், "நீ செய்தால் சரியாக வராது, விடு" என்பேன். அன்பாகத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

மாற்றல் வந்தது. பிரிவுபசாரம், மாலை, கண்ணீர். மூன்று தாலுகா தள்ளிப் புது இடம். அங்கே போய் மூன்றாவது மாதம், குளிர்காலச் சட்டை தேடித் தகரப்பெட்டியைக் கிளறினால் அடியில் ஒரு சாவி. பித்தளைச் சாவி, கறுப்புக் கயிறு. ஜெபவீட்டுச் சாவி! அதற்கு வேறு சாவி கிடையாது. நான்தான் செய்ய விடவில்லையே.

எனக்கு வேர்த்துவிட்டது. மூன்று மாதமாக அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, ஒருவரும் ஒரு கடிதம் போடவில்லை. பூட்டை உடைத்தால் ஐயருக்கு மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பார்களோ, கூட்டமே கலைந்துவிட்டதோ? மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இரண்டு பஸ் மாறி, கடைசி நான்கு மைல் நடந்தேன். வழி நெடுக, அவர்களைத் திரும்பக் கூட்டிச் சேர்க்க என்ன பேசுவது என்று பிரசங்கம் தயார் செய்துகொண்டே போனேன்.

போனால் ஜெபவீடு திறந்து கிடக்கிறது. உள்ளே பிள்ளைகள் சத்தம். சனிக்கிழமை, பாட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிக் கொடுப்பது, நான் "உனக்குச் சுருதி சேராது" என்று இரண்டு முறை உட்கார வைத்த ஒரு பெண். சுருதி இப்போதும் சேரவில்லைதான். வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கய்யா, காப்பி போடச் சொல்லட்டா" என்றார். நான் சாவியை நீட்டினேன்.

பாட்டி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப என் கையிலேயே வைத்தார்.

"இதை நீங்களே வச்சுக்கிடுங்கய்யா. அந்தப் பூட்டை நீங்க போன மறு ஞாயித்துக்கிழமையே அறுத்துட்டோம். புதுப் பூட்டுக்கு மூணு சாவி, மூணு வீட்டுல கெடக்கு."